கேப்டனும் நான்கு மவுண்டுகளும்

இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் மச்சான் முகத்தில் விழிப்பதில்லை என்று கேப்டன் முடிவு செய்தார். தெருவில்தான் அவர் கேப்டன். வீட்டில் அவருக்குப் பெயரே கிடையாது, "இங்க பாருங்க"தான். ஞாயிறுதோறும் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு சாப்பிட வந்துவிடுவார். காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் கேப்டன் பொறுப்பு. அவருக்கிருந்த ஒரே போக்கிடம் அந்தச் சின்னப் படகு. அதற்கும் கேடு வந்தது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் நான்கும் நைந்துபோய், கிளப்பினால் படகே குலுங்கியது.

மனைவி கடைக்குப் போய்ப் புது மவுண்டுகள் வாங்கி வந்தாள். மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று கேட்டதுதான் தாமதம், கேப்டனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நானே மாட்டி, ஞாயித்துக்கிழமை குலுங்காம ஓட்டிக் காட்டுறேன். ஜெயிச்சா, இனிமே ஞாயித்துக்கிழமை படகு என்னோடது. தனியாத்தான் போவேன். யாரும் கூட வரக் கூடாது."

"தோத்தா?"

"தோத்தா உன்னோடது. ஆனா ஒண்ணு, நான் ஜெயிக்கிற வரைக்கும், இல்ல தோக்குற வரைக்கும், யாரும் யோசனை சொல்லக் கூடாது."

"நான் எதுக்குங்க வாயத் திறக்கப் போறேன்?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

படகைக் கரையேற்றிக் கட்டைகள் மேல் நிறுத்தினார். மவுண்ட் மாற்றுவது பெரிய காரியமில்லை. பிறகு எஞ்சினை நேர்படுத்துவதில்தான் உயிர் போகும். எஞ்சினின் வட்டத் தட்டும் படகைத் தள்ளும் விசிறித் தண்டின் வட்டத் தட்டும் முகத்தோடு முகம் பொருந்த வேண்டும். நடுவே மெல்லிய தகட்டை விட்டு, சுற்றிலும் ஒரே இடைவெளிதானா என்று பார்க்க வேண்டும். முன்னால் நட்டைத் திருகினால் பின்னால் கெடும். இடப்பக்கம் பணிந்தால் வலப்பக்கம் சண்டித்தனம் செய்யும். வாரம் முழுக்க எஞ்சினடியில் தலைகீழாகக் கிடந்தார். முதுகு பிடித்துக்கொண்டது, விரல்களில் தோல் உரிந்தது. மனைவி தினமும் டீயை வைத்துவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். சனிக்கிழமை தகடு சுற்றிலும் ஒன்றுபோல நுழைந்தது. கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே படகைத் தண்ணீரில் இறக்கிக் கட்டினார்.

ஞாயிறு காலை எஞ்சினைக் கிளப்பிக் கியரைப் போட்டார். வாயிலிருந்த பல்லெல்லாம் ஆடியது. அணைத்துவிட்டுத் தகட்டை விட்டுப் பார்த்தார். கீழே தாராளமாகப் போனது, மேலே நுனிகூட நுழையவில்லை. எந்தப் பாவி வந்து திருகினான்? ஆயுசு முழுக்க மச்சானுக்குக் காய் நறுக்கியே சாக வேண்டியதுதான். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"தோத்துட்டேன்."

"அப்ப நான் வாயத் திறக்கலாமா?" என்று கரையில் நின்ற மனைவி ஸ்பானரை எடுத்துக்கொண்டு படகில் இறங்கினாள். "கரையில நிக்கிறப்ப படகுக்கு ஒரு உருவம், மிதக்கிறப்ப வேற உருவம். தண்ணில விட்டு, மறுநாள்தான் நேர் பாக்கணுமாம். மவுண்ட் வித்த கடைக்காரர் அன்னைக்கே சொன்னார்."

முன்பக்க மவுண்டுகளைக் கொஞ்சம் இறக்கினாள், தகட்டை விட்டாள், இன்னும் கொஞ்சம் இறக்கினாள். எஞ்சின் பூனை மாதிரி முனகியது. தோற்றால் என்ன, ஒரு மூலையில் உட்கார்ந்தாவது போகலாம் என்று கேப்டனுக்கு உயிர் திரும்பியது. கயிற்றை அவிழ்க்கச் சொன்னாள். அவர் ஆசையாகக் கரைக்குத் தாவி அவிழ்த்தார். திரும்பிப் பார்த்தால் படகு எட்டாத தூரத்தில் இருந்தது.

"தனியாத்தான் போகணும்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் மனைவி. "அண்ணன் வர்ற நேரமாச்சு. காய் இன்னும் நறுக்கல."