சாவி எந்த நாட்டில் இருக்கிறது?

‘தெரியாது’ என்று சொல்ல வாய் வராதவனுக்கு விற்பனை வேலை கொடுக்கவே கூடாது. எனக்குக் கொடுத்தார்கள்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில், கம்ப்யூட்டரில் இருப்பதை இன்டர்நெட் வழியாக எங்கோ நகல் எடுத்து வைக்கும் ‘ஆன்லைன் பேக்கப்’பை ராமநாதபுரம் மாவட்டம் முழுக்க விற்கக் கிளம்பினேன் (முழுக்க என்றால் மொத்தம் மூன்று கடை). முதல் கடை திருவாடானையில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. அதன் உரிமையாளர், எனக்குப் பேசி முடித்திருந்த வள்ளியின் பெரியப்பா. மாப்பிள்ளை முறுக்கோடு போய் உட்கார்ந்தேன்.

“நகலு எங்கன இருக்கும்?” என்றார்.

எனக்கே தெரியாது. சென்னைக்குப் போன் போட்டேன். அவர்களும் ஒருவரை ஒருவர் கேட்டுவிட்டு, “அமெரிக்கா” என்றார்கள்.

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “நம்ம ஊருப் பொண்ணுக போட்டோ அமெரிக்காக்காரன் கையிலயா? அவன் தொறந்து பாக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?”

“பூட்டித்தான் அனுப்புறோம் மாமா. சாவி ஒரு பாஸ்வேர்ட். அது இல்லாம அமெரிக்காக்காரன் தலைகீழா நின்னாலும் தொறக்க முடியாது.”

“அப்ப சாவி எந்த நாட்டுல இருக்கும்?”

“நீங்க வைக்கிற இடத்துல. யாரும் தொட முடியாத இடமா வைங்க. என்கிட்டகூடச் சொல்லாதீங்க!” (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

“திரும்பிக்கங்க மாப்ள” என்று சொல்லி, தட்டித் தட்டி ஏதோ அடித்தார். “கடைசியில நம்பரும் போடுங்க மாமா” என்று சுவரைப் பார்த்தபடி யோசனை வேறு சொன்னேன்.

ஆவணியில் கல்யாணம். படம் எடுத்ததும் அவர்தான். ஆல்பம் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே ஐப்பசி வந்துவிட்டது. வந்ததும் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இடி விழுந்தது. கல்யாணப் படம் ஒன்றுகூட மிச்சமில்லை. வள்ளி அழுதாள். “அழாதே, பேக்கப் இருக்கு” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பெரியப்பாவிடம் போனேன்.

“சாவி?”

“மறந்துபோச்சு மாப்ள. எழுதி வச்சிருக்கேன்.”

“எங்க?”

“நீங்கதான யாரும் தொட முடியாத இடமா வைக்கச் சொன்னீக? போன மாசியிலயே கொலசாமி பெட்டியில வச்சுட்டேன்.”

அந்தப் பெட்டி மாசி சிவராத்திரிக்கு மறுநாள் மட்டும்தான் திறக்கும். பூசாரி காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். “ஒங்க போட்டோவுக்காகச் சாமி பெட்டியத் தொறக்க ஏலுமா? மாசி வரட்டும்” என்று போய்விட்டார்.

நான்கு மாதம்! விருந்துக்குப் போன வீட்டிலெல்லாம் “கல்யாணப் போட்டோ எங்க?” என்று கேட்டார்கள். என் மாமியார் சளைக்காமல் ஒரே பதில் சொன்னார்: “போட்டோ அமெரிக்கா போயிருச்சு. மாப்ளதான் இங்கன இருக்காரு.” வள்ளி என்னோடு சரியாகப் பேசுவதே இல்லை. படம் வராமல் போனால் ஆயுளுக்கும் இந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் நடுங்கினேன்.

மாசியும் வந்தது. பங்காளிகள் அத்தனை பேரும் கூடியிருக்க, பெட்டி திறந்தது. உள்ளே எந்தச் சீட்டு இருந்தாலும் பூசாரி எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிப்பார், அது அந்தக் கோயில் வழக்கம். பெரியப்பா அவசரமாகக் கையை நீட்டினார். பூசாரி கொடுக்கவில்லை.

“இந்த மாப்ளைய நம்பாதே” என்று வாசித்தார். “பொறகு ஏதோ நம்பரு போட்டிருக்குப்பா.”

என் மாமனார் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். முதலில் சிரித்தது வள்ளி. நான்கு மாதம் கழித்து அப்போதுதான் சிரித்தாள்.

“கோவிச்சுக்கிராதீக மாப்ள,” என்றார் பெரியப்பா. “அந்த வார்த்தை எனக்கு மறக்கவே இல்ல. அன்னைக்கு வாசல்ல நின்ன பஸ்ஸு நம்பருதான் மறந்துபோச்சு.”

படங்கள் ஒன்று குறையாமல் வந்து சேர்ந்தன. எல்லாவற்றிலும் நான் முறுக்காகத்தான் நிற்கிறேன்.

இன்றைக்கு எங்கள் வீட்டு வைஃபைக்கு அதுதான் பாஸ்வேர்ட், பஸ் நம்பரோடு. விருந்தாளிகள் கேட்டால் நான் சொல்லக் கூடாது. வள்ளிதான் சொல்வாள், என்னைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு எழுத்தாக.