கல்லு இருக்கும், அரிக்கும்

ஒரு பொருளை ‘எல்லாரும் வாங்காதீங்க’ என்று சொல்லியே விற்றுத் தீர்த்த மனுஷன் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே ஒருத்தர்தான். ஏன், தமிழ்நாட்டிலேயே ஒருத்தர்தான் என்பேன், மறுக்கிறவர்கள் வந்து மறுக்கட்டும். அப்பா அம்மா அவருக்கு வைத்த பேர் எனக்குத் தெரியாது. ஊருக்கே அவர் ‘ஒத்தவரி’.

ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் சொல்வதுதான் தொழில். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன வெள்ளாடு, எல்லாம் அவர் தொண்டைதான். ஆட்டோ ஒரு ஆளைத் தாண்டுகிற நேரத்தில் அந்த ஆள் காதில் ஒரே ஒரு வரிதான் விழும், அதற்குள் சேதி முடிந்திருக்க வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். ஊரில் ஆளாளுக்குப் போனில் கடை திறந்த பிறகு, பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர்களுக்கு விளம்பரம் எழுதித் தர ஆரம்பித்தார். கூலி ஒரு டீ, ரெண்டு போண்டா. “போன்ல கட்டவெரலால தள்ளிக்கினே போறான் பாரு, அதான் இப்ப ஆட்டோ” என்பார்.

நான் இருபது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவன். ஆசை யாரை விட்டது, ‘மலைச்சாமை’ என்று போனில் ஒரு கடை போட்டேன். கல்வராயன் மலையில் சின்னப்பொண்ணு என்று ஒரு அம்மா. “மரவள்ளிய வுட்டுட்டு சாமை போடுங்க, வித்துத் தர்றது என் பொறுப்பு” என்று நான் கொடுத்த வாக்கை நம்பி, இருக்கிற நிலம் பூராவும் சாமை விதைத்துவிட்டார். குத்தி அரிசியாக்கி ஒன்பது மூட்டை என் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்துகொண்டது. சீந்துவாரில்லை. மலையிலிருந்து போன் வந்தது.

“சார், அடுத்த வெதப்பு வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள போவலனா மறுபடியும் மரவள்ளிதான். அப்பறம் சாமைன்னு சொல்லிக்கினு இந்தப் பக்கம் வந்துடாதீங்க.”

நான் எழுதின விளம்பரத்தை எடுத்துக்கொண்டு ஒத்தவரியிடம் ஓடினேன். வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார். பஸ் ஸ்டாண்டே கேட்கிற மைக் குரலில் படித்தார்: “இயற்கை அன்னையின் மடியில் தவழ்ந்து, பாரம்பரியத்தின் மணம் கமழ...” சுற்றிலும் பார்த்தார். ஒரு தலை திரும்பவில்லை. பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த நாய் மட்டும் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனது.

“வாத்யாரே, இன்னா விக்கிற நீ? மடியா?”

“சாமைய்யா!”

“அத எங்க சொல்லிக்கிற?”

“கடைசிப் பத்தியில.”

“அதுக்குள்ள ஆட்டோ சங்கராபுரம் போயிருக்கும்.”

மானம் போனது. ஆனாலும் என் காரியம் ஆகணுமே, தினமும் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எலவனாசூர்கோட்டையிலிருந்து முறுக்கு விற்கிற ஒருத்தர் வந்தார். விளம்பரத்தில் ‘நம்பர் ஒன் முறுக்கு’ என்று போட்டிருந்தார்.

“அப்ப ரெண்டாம் நம்பரு யாரு?”

“தெரியலீங்களே.”

“போயி கேட்டுக்கினு வா.”

அந்த அப்பாவி நிஜமாகவே ஊர் பூராவும் விசாரித்துவிட்டு மறுநாள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஒத்தவரி ஒரு முறுக்கைக் கடித்துப் பார்த்து எழுதிக் கொடுத்தார்: ‘பல் செட்டு வெச்சவங்களும் கடிக்கலாம்.’ இப்போது அந்த ஆளுக்குப் பேச நேரமில்லை.

திருக்கோவிலூரிலிருந்து ரெடிமேட் பிளவுஸ் விற்கிற அம்மா வந்தது. ‘உலகத்தரம்’ என்று பெரிசாகப் போட்டு, சுற்றிலும் பூவும் நட்சத்திரமும் பொம்மை பொம்மையாக வைத்திருந்தது.

“ஒலகத்த வுடும்மா. இதப் போட்டுக்கினு எங்க போவாங்க?”

“டவுன் பஸ்ல வேலைக்குப் போவாங்கண்ணா.”

“அப்ப கம்பிய புடிக்கணுமே!” என்றவர், ‘பஸ்ல கைய தூக்கி கம்பிய புடிங்க, அக்குள்ல பிரியாது’ என்று எழுதினார். அந்தம்மா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டது. அந்த வாரமே டீச்சர்களும் நர்ஸுகளும் கேட்டு வாங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடி வளர்கிற எண்ணெய் விற்கிற ஆசாமி ஒருத்தன் வந்தபோது, தலைத்துண்டை அவிழ்த்து வழுக்கையைக் காட்டினார். “மொதல்ல இங்க மொளைக்கட்டும், அப்பறம் எழுதறேன்.” தான் பயன்படுத்திப் பார்க்காத பொருளுக்கு ஒரு எழுத்து எழுத மாட்டார். அதனால் என் சாமையிலும் ரெண்டு கிலோ வாங்கிப் போனார்.

மறுநாள் வந்தபோது ஒரு கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு கல், பக்கத்தில் அரைப் பல்.

“கல்லு இருக்குதுன்னு ஏன்யா சொல்லல?”

“அரிச்சிதானய்யா ஆக்கணும்! தண்ணியில ஆட்டி ஆட்டி சாமைய மேலால எடுத்தா, கல்லு அடியில நின்னுடும். வூட்ல அரிக்கலையா?”

“எம் பொஞ்சாதி குக்கர்ல கொட்டி விசில் வுட்டுட்டா. சரி, இதத்தான் எழுதணும்.”

“எத?”

“கல்லு இருக்கும்னு.”

எனக்கு வந்ததே கோபம்! “கூறு இருக்குதாய்யா ஒனக்கு? தன் சரக்குல கல்லுன்னு எவனாவது சொல்வானா? அந்தம்மா பொழப்பே இதுல தொங்கிக்கினு இருக்குது!”

“சொல்லாம வித்தா பல்லு ஒடைஞ்சவன் திரும்ப வருவானா? கொறைய நாமளே சொல்லிட்டா, மிச்சம் சொல்றதும் நெசம்னு நம்புவான்.”

என் போனைப் பிடுங்கினார். அவருக்கு டைப் அடிக்க வராது. பேசினால் எழுத்தாகிற பொத்தானை அமுக்கி, மைக் மாதிரி வாயருகே பிடித்து முழங்கினார்: “கல்லு இருக்கும், அரிக்கத் தெரிஞ்சவங்க மட்டும் வாங்குங்க!” நான் தடுப்பதற்குள் பதிவும் போட்டாயிற்று.

காலையில் சென்னையிலிருந்து ஒரு போன். “சார், ஒடம்பு அரிக்குமா, நாக்கு அரிக்குமா? சேனைக்கிழங்கு மாதிரியா?” அடுத்து ஒருத்தர், “அரிப்புக்கு மாத்திரையும் நீங்களே தருவீங்களா?” பதறிப்போய்ப் பதிவைப் பார்த்தேன். ‘கல்லு இருக்கும் அரிக்கும் தெரிஞ்சவங்க மட்டும் வாங்குங்க.’ வீங்கின கன்னம் செய்த வேலை! ஒற்றுப்பிழைக்கே பிள்ளைகள் காதைத் திருகினவன் நான். அழித்துவிடலாம் என்று டீக்கடைக்கு ஓடினேன்.

“அழிச்ச, கைய ஒடிச்சிடுவேன்” என்றார் ஒத்தவரி. “ஒன் மடியப் படிச்சிட்டு எவனாவது போன் பண்ணானா? கேள்வி கேக்கறவன் கடைக்குள்ள ஒரு கால் வெச்சிட்டான் வாத்யாரே. நீ குடு இப்டி.”

அடுத்த போனை அவரே எடுத்தார். “அரிக்காதும்மா, நீங்கதான் அரிக்கணும்!” கல் சமாசாரத்தை விளக்கி, “ஒங்களுக்கு அரிக்கத் தெரியுமா? தெரியலனா வாணாம்மா, வெச்சிடுங்க” என்றார். எதிர்ப்பக்கம் விழுப்புரத்து அம்மா ஒருத்தர். போனே அதிர்ந்தது.

“எனக்கா அரிக்கத் தெரியாது? எத்தினி வருசமா அரிச்ச கை தெரியுமா இது? அஞ்சு கிலோ போடுய்யா, பாத்துடலாம்!”

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. மாமியார்கள் வாங்கி மருமகள்களுக்கு அரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ரெண்டு பாத்திரம் வைத்து அரித்து, மிஞ்சின கல்லைப் படம் பிடித்து அனுப்பினார்கள். ‘எனக்கு ரெண்டே கல்தான், ஏமாத்திட்டீங்க’ என்று ஒரு புகார்கூட வந்தது. கூரியர்காரர் என் தெருவிலேயே குடியிருந்தார். ஹால் காலியாகிவிட்டது.

நல்ல சேதியை நேரில் சொல்லலாம் என்று ரெண்டு பேரும் பஸ் பிடித்து மலைக்குப் போனோம். சின்னப்பொண்ணு அம்மா களத்திலேயே வழிமறித்துக்கொண்டார்.

“என் சாமையில கல்லுன்னு ஊரு பூரா சொல்லிட்டீங்களாமே! எம் மவ போன்ல காட்டினா. இனிமே மரவள்ளிதான் போ!”

ஒத்தவரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் ரெண்டு அடி முன்னால் போனார்.

“நான்தாங்க சொன்னேன்” என்று வாயைத் திறந்து உடைந்த பல்லைக் காட்டினார்.

அந்தம்மா குனிந்து உற்றுப் பார்த்தார். “அரிக்காமயா தின்ன?”

“ஆமாங்க.”

“அட கூறுகெட்ட மனுசா! மண்ணுக் களத்துல அடிச்சா கல்லு வராம இன்னா வரும்?” வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படியே களத்தில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம்தான் ஒன்பது மூட்டையும் போன கதையை என்னால் சொல்ல முடிந்தது.

ஒத்தவரி கையெடுத்துக் கும்பிட்டார். “இந்த வாட்டியும் சாமையே போடுங்கம்மா. தார்ப்பாய் நான் வாங்கியாறேன். அதுல அடிச்சா கல்லு கம்மியாவும்.”

“கல்லு இல்லனா ஒன் வெளம்பரம் இன்னா ஆவறது?” என்றார் அந்தம்மா. “போ போ. வெத எடுத்து வெச்சிட்டேன்.”

திரும்பும்போது, அத்தனை ஊரையும் தன் தொண்டையால் எழுப்பினவர் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து குழந்தையாகத் தூங்கிவிட்டார். வளைவுக்கு வளைவு தலை கனத்தது, எனக்குத் தோள் மரத்துப்போனது. அந்த ஆளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் வருகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.