பெரியப்பா ஒரே மாதிரி இரண்டு தடவை பாடியது பற்றி

லாஞ்சுத்தி,
புனித கியோர்கி திருநாளுக்கு மறுநாள்.

என்றும் என் மதிப்புக்குரிய அம்பெர்கி பெரியப்பா அவர்களுக்கு, தங்கள் தம்பி எர்மிலேயின் மகன் கோச்சா பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் வீடும் கோழிகளும் சௌக்கியம். அப்பா சௌக்கியமா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே என்பதால் அதைப் பிறகு சொல்கிறேன். பத்தூமியில் தாங்களும் நாசிப்ரோலா பெரியம்மாவும் கடற்கரை மழையில் நனையாமல், காய்ச்சல் இருமல் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மற்றக் கடிதங்களில் இதை மரியாதைக்காக எழுதுவது வழக்கம். இந்தத் தடவை எனக்கு உண்மையாகவே தெரிந்தாக வேண்டும்.

போனிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். லாஞ்சுத்தியிலிருந்து வரும் எந்த அழைப்பும் உங்கள் போனில் ஒலிக்காது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நீங்கள் சொல்லி அந்தத் தடையைப் போட்டுக் கொடுத்தவனே நான்தான். கொஞ்சம் நன்றாகவே போட்டுவிட்டேன், என்னையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. ஆகவே போனுக்குச் செயலி எழுதிப் பிழைக்கிற நான், வீடு முழுக்கப் பேனா தேடி, காகிதத்தில் எழுதி, மினிபஸ் டிரைவர் ஜூம்பெரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். நான் உங்களுக்கு எழுதியது அப்பாவுக்கு எந்தக் காரணம் கொண்டும் தெரியக் கூடாது. தெரிந்தால் நான் கோழிக்கூட்டில்தான் படுக்க வேண்டும்.

விஷயம் அம்மாவிடமிருந்து ஆரம்பிக்கிறது. இத்தாலியில், பாரி நகரத்தில், ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அம்மா போயிருப்பது உங்களுக்குத் தெரியும். போன குளிர்காலத்தில் ஒருநாள் பேசும்போது சொன்னாள், "வேலை பரவாயில்லடா, சாப்பாடும் பழகிடுச்சு. பாட்டுதான் இல்ல. நான் என் குரலை மட்டும் ஒத்தையாப் பாடினா, இந்தம்மா நான் அழறேன்னு நெனச்சு ஓடி வந்து தண்ணி குடுக்கறா." எனக்குச் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நம் பாட்டுக்கு மூன்று பேர் வேண்டும், மூன்று பேரும் மூன்று விதமாகப் பாட வேண்டும். அதில் ஒருவர் இல்லையென்றால் மற்ற இருவரும் என்னதான் செய்வார்கள்? வெளிநாட்டில் தனியாக இருக்கிற நம் பெண்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு குரலை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார்கள்? இதை யோசிக்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான், கை அரிக்கத் தொடங்கிவிட்டது.

நல்ல காரியம் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது, அதனால் வருகிற வம்பும் சும்மா இருப்பதில்லை. ரயிலடி நாய் குர்ஷாவுக்கு நான் செய்த செயலி நினைவிருக்கும். நாய்க்கு இன்று யாராவது சோறு போட்டார்களா என்று ஊரார் போனில் பார்த்துக்கொள்ளலாம், போடாவிட்டால் யாராவது போய்ப் போடுவார்கள், இதுதான் திட்டம். நம் ஊர்க்காரர்களோ, பக்கத்து வீட்டுக்காரி நாய்க்குச் சீஸ் ரொட்டி போட்டாள் என்று பார்த்ததும், நாம் என்ன குறைந்தவர்களா என்று வான்கோழியைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். இப்போது குர்ஷாவால் ரயில் வந்தால்கூட எழுந்திருக்க முடியவில்லை. நாய்க்கு உடம்பு இளைக்க ஒரு செயலி செய்து தரச்சொல்லி நகரசபையிலிருந்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகும் புத்தி வரவில்லை. அம்மாவுக்காக 'மூன்றாம் குரல்' என்று ஒரு செயலி எழுதினேன். உங்களிடம் எந்தக் குரல் இல்லையோ அதை போன் பாடும், மற்றதை நீங்கள் பாடலாம். அடிக்குரலும் நடுக்குரலும் சுலபமாகக் கிடைத்தன. உச்சிக்குரல்தான் கிடைக்கவில்லை. சேவல் கூரைமேல் ஏறிக் கூவுவது போல அந்தக் கிரிமாஞ்சுலியைப் பாட நம் குரியா மாவட்டம் முழுக்க இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், சொல்லுங்கள். வேறு வழியில்லாமல் உங்கள் மகள் கல்யாண வீடியோவிலிருந்து உங்கள் குரலைப் பிரித்து எடுத்தேன். கேட்காமல் எடுத்ததற்கு மன்னிக்க வேண்டும், கேட்க நினைத்தபோதெல்லாம் நான் போட்ட தடை குறுக்கே நின்றது. நல்லவேளையாக நான் எடுத்தது சண்டைக்கு முந்தின பாட்டு. அடுத்த பாட்டில் நீங்கள் யாரும் கேட்டிராத ஒரு வளைவைப் போட்டு, அப்பா அடிக்குரலில் வழி தெரியாமல் நின்று, சம்பந்தி வீட்டார் சிரித்து, "பின்னால வரத் தெரியாதவன் எதுக்கு மேசையில உக்காரணும்" என்று நீங்கள் கேட்டு, "இனி உங்கிட்ட பேசினா எம் பேரு எர்மிலே இல்ல" என்று அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாரே, அந்த இடத்தை நான் தொடவே இல்லை.

முதலில் அடுத்த வீட்டு திரிஃபோன் மாமாவிடம் போட்டுக் காட்டினேன். உங்கள் மூவர் கூட்டணியில் மிச்சமிருக்கிற நடுக்குரல் அவர்தானே. ஒவ்வொரு தடவையும் உங்கள் குரல் கொஞ்சம் மாறி வருகிற மாதிரி, எப்படி மாறுவது என்பதை போனே குருட்டாம்போக்கில் முடிவு செய்கிற மாதிரி எழுதியிருந்தேன். மாமா முற்றத்தில் நின்று கண்ணை மூடிக் கேட்டார். "அம்பெர்கி எப்போலேர்ந்து காலையிலேயே குடிக்க ஆரம்பிச்சான்?" என்றார். சரி, மாறுவதே வேண்டாம் என்று அதை அணைத்துவிட்டேன். "அப்போ எது மாமா சரியான வளைவு? அதை மட்டும் வச்சிடறேன்" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "சரியானதைப் பாடி முடிச்சுட்டா, அப்புறம் எதுக்குடா திரும்பப் பாடறது?" என்றார். அன்றைக்கே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

நேற்று திருநாள் விருந்து எங்கள் வீட்டில். அக்ரூட் விழுதில் ஊறிய வான்கோழி சத்சிவி, மக்காச்சோள மச்சாடி ரொட்டி, இந்த வருஷத்து ஒயின், எல்லாம் இருந்தது. விருந்தை நடத்தும் தமாதா திரிஃபோன் மாமாதான், அவர் கோப்பையைத் தூக்காமல் மேசையில் யாரும் குடிக்க முடியாது. இரண்டாம் சுற்று முடிந்ததும் எல்லோருக்கும் பாட்டு நினைவு வந்தது. வந்ததும் எல்லோரும் நீங்கள் உட்காரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். பார்த்ததை அப்பா பார்த்துவிட்டார். சரி, இதுதான் சமயம் என்று நான் போனை உங்கள் நாற்காலிக்கு முன்னால் நிறுத்திவைத்து, "பெரியப்பா குரல்" என்று மட்டும் சொன்னேன். இதைத்தான் நான் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பதிவு என்று நான் சொல்லவில்லை, நீங்களே அந்தப் பக்கம் போனில் இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார்.

அப்பா தன் நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். பிறகு என் பக்கம் குனிந்து, "பேச மாட்டேன்னுதான்டா சொன்னேன். பாட மாட்டேன்னு எப்போ சொன்னேன்?" என்றார். ஆடின காலும் பாடின வாயும் எத்தனை வருஷம்தான் சும்மா இருக்கும். திரிஃபோன் மாமா எடுத்துக் கொடுத்தார், போனில் நீங்கள் உச்சிக்குப் போனீர்கள், அப்பா அடியில் இறங்கினார். பெரியப்பா, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஆறு வருஷத்தில் அப்பா முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. பாட்டு முடிந்ததும், "பாடின மனுஷனுக்கு ஊத்தாம விட்டா நான் என்ன தமாதா?" என்று மாமா உங்கள் முன்னால், அதாவது போனுக்கு முன்னால், ஒரு கோப்பை நிறைய ஊற்றி வைத்தார். உங்கள் ஆரோக்கியத்துக்காக எல்லோரும் குடித்தோம். அப்பா குடிக்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தார்.

அதே பாட்டை மறுபடி பாடினார்கள். நீங்களும் மறுபடி பாடினீர்கள், அச்சு அசலாக முன்பு பாடியது போலவே. அப்பாவின் புருவம் ஏறியது. அவர் வேண்டுமென்றே அடிக்குரலை வேறு வழியில் கொண்டுபோய், உங்களுக்கு இடம் விட்டு, வா வா என்பதுபோல் காத்திருந்தார். நீங்கள் வரவில்லை, பழைய இடத்திலேயே வளைந்தீர்கள். மூன்றாம் தடவையும் அதே வளைவு. அப்பா பாடுவதை நிறுத்திவிட்டு, மச்சாடியைத் தட்டில் வைத்துவிட்டு, என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கோச்சா, அண்ணனுக்கு என்னடா ஆச்சு?"

கவனித்தீர்களா, அண்ணன் என்றார். கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் உங்களுக்கு 'அந்தப் பத்தூமிக்காரன்' என்பதைத் தவிர வேறு பெயர் இருந்ததில்லை. "ஒண்ணுமில்லையே" என்றேன். "ஒண்ணுமில்லையா? அம்பெர்கி பிறந்ததுலேர்ந்து எதையும் ஒரே மாதிரி ரெண்டு தடவை பாடினதில்லடா. தொட்டில்ல அழுதப்பக்கூட மாத்தி மாத்திதான் அழுதான்னு சொல்லுவாங்க. உடம்புல ஏதோ பெருசா இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் திரிஃபோன் மாமா, "தொண்டை வறண்டிருக்கும், அதான். ஒரு வாய் குடுத்தா சரியாயிடும்" என்று உங்கள் கோப்பையை எடுத்து, போனின் அடியில் சத்தம் வருகிற ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குள் மெதுவாக, மிகவும் அன்பாக, ஊற்றினார். நீங்கள் அப்போது உச்சியில் இருந்தீர்கள். அங்கேயே கொளகொளவென்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான், நின்றுவிட்டீர்கள். அப்பா எழுந்து நின்றார். "விழுந்துட்டான்" என்றார்.

பிறகு நான் சொல்லாத விளக்கம் இல்லை. இது பதிவு, பழைய வீடியோவிலிருந்து எடுத்தது, பெரியப்பா பத்தூமியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். அப்பா கேட்டார், "பதிவுன்னா எதுக்குடா திரிஃபோன் அதுக்கு ஒயின் ஊத்தினான்?" திரிஃபோன் மாமா காலிக் கோப்பையை மேசைக்கு அடியில் வைத்தார். "எனக்கு நெஞ்சு வலி வந்துடுமேன்னு மறைக்கறே. உங்கம்மா புத்தி உனக்கு" என்று அப்பா வெளியே போய் முற்றத்தில் உட்கார்ந்துகொண்டார். வேறு போனிலிருந்து, வேறு ஊர் எண்ணிலிருந்து கூப்பிட்டுக் கேட்கட்டுமா என்றேன். "கூடாது. நீ கேட்டா நான் கேட்ட மாதிரி ஆயிடும். சொன்ன சொல் இருக்கில்ல?" என்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கோழிகளுக்குத் தீனி போடும்போது உங்கள் அந்த வளைவை மெல்ல முனகிப் பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார், மறுபடி முனகுகிறார்.

எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை, பெரியப்பா. என் தொழிலில் ஒரே கேள்விக்கு இரண்டு தடவை இரண்டு விடை வந்தால் அதற்குப் பிழை என்று பெயர், ராத்திரி பகலாக உட்கார்ந்து திருத்துவோம். அப்பாவோ ஒரே விடை இரண்டு தடவை வந்தால் வைத்தியரைக் கூப்பிடச் சொல்கிறார். அப்படியானால் நான் இத்தனை நாள் எதைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன்? போன் மாற்றிப் பாடினால் குடிகாரன் என்கிறார்கள், மாற்றாமல் பாடினால் நோயாளி என்கிறார்கள். நீங்கள் மாற்றும்போது மட்டும் அது எப்படிப் பாட்டாகிறது? ஒருவேளை நீங்கள் மாற்றுவது அப்பா எங்கே வந்து நிற்பார் என்று தெரிந்துதானோ? அன்றைக்குக் கல்யாணத்தில் அந்த வளைவைப் போட்டதுகூட அவரைத் தள்ளிவிட இல்லை, அவர் வருவார் என்று நம்பித்தானோ? கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், ஆர்வக்கோளாறு. ஆனால் முடிந்தால் பதில் சொல்லுங்கள்.

நான் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி, உங்கள் கையெழுத்தில், ஜூம்பெரிடமே கொடுத்தனுப்புங்கள். அதை எங்கேயோ கிடைத்தது போல நான் மேசைமேல் போட்டுவைப்பேன், அவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொள்வார். நேரில் வாருங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வந்தால் இரண்டு பேரும் யார் முதலில் வாயைத் திறப்பது என்று ஈஸ்டர்வரை உட்கார்ந்திருப்பீர்கள். அம்மாவுக்கும் இந்தச் செயலியை இன்னும் அனுப்பவில்லை. அவளும் நீங்கள் விழுந்துவிட்டீர்கள் என்று நினைத்தால் பாரியிலிருந்து யார் சமாதானம் சொல்வது?

நாசிப்ரோலா பெரியம்மாவுக்கு என் கைமுத்தம். தங்கள் தோட்டத்து ஆரஞ்சு மரங்கள் நன்றாகக் காய்க்கட்டும், தங்கள் கோப்பை வற்றாமல் இருக்கட்டும், தங்கள் குரல் நூறு வருஷம் ஒரு தடவைபோல் மறு தடவை இல்லாமல் இருக்கட்டும்.

தங்கள் அன்பு மறவாத தம்பி மகன்,
கோச்சா

பி.கு. கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு மினிபஸ் நிற்கிற இடத்துக்கு வந்தால், முன் சீட்டில் அப்பா. கல்யாணத்துக்குப் போட்ட அதே கோட்டு. மடியில் கோழி சூப் ஜாடி, தேன், உங்கள் நெஞ்சில் தேய்க்க ஒரு குப்பி சாச்சா சாராயம். "போறதுக்கும் பேசறதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றார், நான் எதுவும் கேட்கவே இல்லை. ஜூம்பெர் என் கையிலிருந்த உறையைப் பார்த்துவிட்டு, "அம்பெர்கிக்குத்தானே? இவரே போறாரே, இவர்கிட்டயே குடுத்துடு" என்றார். வண்டியின் மூக்கில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன், எழுதி முடித்ததும் ஒட்டி அப்பா கையில் கொடுக்கப்போகிறேன். ஆகவே மேலே கேட்டதையெல்லாம் மறந்துவிடவும். முக்கியமாக, நலமாக மட்டும் இருந்துவிடாதீர்கள். நீங்கள் நலம் என்று தெரிந்தால் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடுவார். இப்போது அவர் உங்கள் எதிரில் நின்று, வாயைத் திறக்காமல், நீங்கள் வாசிப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் ஒரு தடவை இருமவும். இரண்டாம் தடவை வேறு மாதிரி இருமவும்.