வால்யூமப் பாத்து வாங்கின புளி

அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலை. ஜவ்வாது மல மேல ஏறி, ஜமுனாமரத்தூர் சந்தைல ஒரு வருஷத்துக்கான புளிய வாங்கிக்கினு எறங்கணும். அவ்ளோதான்.

கலசப்பாக்கத்துல என் வூட்டுக்காரி கலா மெஸ் வெச்சிருக்கா. சாம்பார், ரசம், வத்தக்குழம்பு எல்லாத்துக்கும் மலப்புளிதான். சீசன்ல வாங்கி உப்பு போட்டு அடைச்சி வெச்சாத்தான் அடுத்த சீசன் வரைக்கும் ஓடும். இப்ப வுட்டா வெல எகிறிடும், மெஸ் படுத்துடும். அதனால சீட்டெடுத்த காச அப்படியே என் அக்கவுண்ட்ல போட்டு அனுப்புனா.

தொணைக்கு அவ தம்பி பாஸ்கர். செங்கத்துல உரக்கடை. உரம் விக்கறத விட இண்டெக்ஸ் ட்ரேடிங் பத்திப் பேசறதுதான் அங்க ஜாஸ்தி. ஏதோ ஆன்லைன் கிளாஸ்ல சேந்து, வெல பொய் சொல்லும், வால்யூம் பொய் சொல்லாதுன்னு கத்துக்கினு வந்துட்டான். வால்யூம்னா ஒண்ணுமில்ல, எவ்ளோ சரக்கு கை மாறுச்சின்ற கணக்கு. அத இவன் சொல்றப்ப பாக்கணுமே, மலைல தவம் கெடந்து வாங்கின வரம் மாதிரி சொல்லுவான்.

நான் யாரு? அவன நம்பி ட்ரேடிங்ல எறங்குன மகாராசன்!

பாதி மலைல ஒரு வளைவு. டீக்கடை இருக்கு, சிக்னலும் நல்லா கெடைக்கும். வண்டிய நிறுத்துனோம். டீயோட நிறுத்திருக்கலாம். மச்சான் போன எடுத்தான்.

இண்டெக்ஸ் சார்ட்ட தொறந்தா, கீழ வால்யூம் இருக்க வேண்டிய எடம் சுத்தமா காலி. பெரிய கைங்க மறைச்சி வெச்சிருக்காங்கன்னான். ஒருத்தனும் மறைக்கல. இண்டெக்ஸ்ன்றது பல கம்பெனி வெலய வெச்சிப் போட்ட ஒரு நம்பரு. நம்பர யாரு மூட்ட கட்டி விக்கறா, வால்யூம் வர்றதுக்கு? இதெல்லாம் எனக்கு அப்புறமா தெரிஞ்சது. அப்போ ரொம்ப புரிஞ்சவனாட்டம் தலய ஆட்டுனேன்.

அப்புறம் ஃப்யூச்சர்ஸ் சார்ட்டுக்குத் தாவுனான். பின்னால வர்ற ஒரு தேதிக்கு இப்பவே வெல பேசிப் போட்டுக்கற காண்ட்ராக்ட் அது. நெசமாவே கை மாறுது, அதனால வால்யூம் உண்டு. அடுத்த மாச காண்ட்ராக்ட்ட தொறந்தான். பச்சக் கலர்ல ஒரு கம்பம், பனமரம் ஒசரத்துக்கு.

"பெரிய கை உள்ள வந்துடுச்சி மாமா. போடு."

போட்டேன். புளிக் காசுல பாதி. அன்னிக்கே மார்க்கெட் ஏறும்னு பந்தயம் கட்டற மாதிரி ஒரு 'கால்' ஆப்ஷன், ஏறலன்னா போட்டது போச்சி.

டீ ஆறல, வெல எறங்க ஆரம்பிச்சிடுச்சி. கூடவே செகப்புல ஒரு கம்பம், முன்னத விட ஒசரம். இது இன்னாடான்னு கேட்டேன். சின்ன ஆளுங்கள பயமுறுத்தி ஒதறி வுடறாங்களாம். கொஞ்ச நேரத்துல வால்யூம் கொறஞ்சிது. விக்கறவங்க களச்சிட்டாங்களாம். மறுபடி கூடுச்சி. சத்தமில்லாம வாங்கி சேக்கறாங்களாம். கூடுனாலும் வாங்கு, கொறஞ்சாலும் வாங்கு. கண்ண மூடிக்கினே வாங்கிருக்கலாம், போன் சார்ஜாவது மிஞ்சிருக்கும்.

அப்பதான் ஆப்புல ஒரு வரி கண்ல பட்டுது. இந்த மாச காண்ட்ராக்ட் இன்னியோட முடியுதாம். அதான் ஆளாளுக்கு கைல இருக்கறத அடுத்த மாசத்துக்கு மாத்திக்கினு இருந்திருக்காங்க. இந்தத் தோள்ல இருந்த மூட்டய அந்தத் தோளுக்கு மாத்துனதுக்குத்தான் பனமரம்! நான் வாங்கின ஆப்ஷனும் அன்னியோட காலாவதி. அவசரமா வித்ததுல மிச்சம்னு வந்தது ரெண்டு டீக்கு சரியா இருந்துச்சி.

கைல பாதிக் காசு. வாங்க வேண்டியது வருஷம் முழுக்கத் தேவையான புளி. 

சந்தைக்குப் போனா, மலக்காரங்க அவங்கவங்க புளியப் பரப்பி வெச்சிக்கினு சாவகாசமா உக்காந்திருக்காங்க. வெல கட்டல. ஓரமா வண்டில வெச்சிப் புளி விக்கற ஒரு வண்டிக்காரன்கிட்ட மட்டும் ஏகப்பட்ட கூட்டம். ஆளுங்க மூட்டயத் தூக்கிக்கினு இடிச்சிக்கறாங்க, சத்தம் காதப் பொளக்குது. வெலயும் பாதிதான்.

மச்சான் என் தோள அமுக்குனான். "மாமா, வால்யூம்."

புத்தி இருக்கறவன் அங்கயே அவன வண்டியோட வுட்டுட்டு நடந்து எறங்கிருப்பான். நான் கூட்டத்துல முட்டி மோதி உள்ள பூந்து, எனக்கு ரெண்டு மூட்டன்னு கத்துனேன். வண்டிக்காரன் என்ன சாமியப் பாத்த மாதிரி பாத்தான். காச போன்ல வாங்கிக்கினு, அவனே தூக்கி வந்து எங்க வண்டில கட்டி வுட்டான். இவ்ளோ மரியாத எதுக்குன்னு அப்பவாவது யோசிச்சிருக்கணும்.

கூட்டத்துலருந்து வந்த ஒரு அம்மா என்ன ஏற எறங்கப் பாத்தாங்க.

"இன்னாங்க, போன வாரம் வாங்கி ஏமாந்துட்டு நாங்கல்லாம் திருப்பிக் குடுக்க நிக்கறோம். நீங்க வாங்கிக்கினு போறீங்க?"

மூட்டயப் பிரிச்சேன். மேல ஒரு சாண் நல்ல புளி. கீழ கொட்ட, ஓடு, பூஞ்சக் காளான். அவங்க இப்பத்தான் திருப்பிக் குடுத்த மூட்டையேதான் அதுன்னு அந்த அம்மா அடையாளம் சொன்னாங்க!

திரும்பி ஓடுனேன். வண்டிக்காரன் கோவமே படல. "உங்க காசத்தாங்க இப்ப இவங்களுக்கெல்லாம் பிரிச்சிக் குடுத்தேன்"ன்னு ரொம்ப பொறுமையா சொன்னான். பின்னாலயே தார்ப்பாயக் கட்டிக்கினு கெளம்பிட்டான்.

மச்சான் வழி பூரா போன வெளிய எடுக்கல. அந்த ஒரு லாபம்தான் அன்னிக்கு.

வூட்ல கலா மூட்டயக் கொட்டுனா. மச்சான் வாசல்ல செருப்பே கழட்டல, ஓடறதுக்கு ரெடியா நின்னான். நான் எல்லாத்தயும் ஒப்பிச்சேன். ஃப்யூச்சர்ஸ், பச்சக் கம்பம், சந்தைக் கூட்டம், எதயும் மறைக்கல. அவ திட்டல, அதான் பயமாருந்துச்சி.

"அவ்ளோ கூட்டத்தப் பாத்தீங்களே, ஒருத்தர் மூஞ்சியாவது பாத்தீங்களா?"

இப்ப மெஸ்ஸுக்கு வர்றவங்களுக்கு எலுமிச்ச ரசம், தக்காளிக் குழம்பு. அந்த ரெண்டு மூட்டப் புளியும் தீர்ற வரைக்கும் எனக்கும் மச்சானுக்கும் மட்டும் தனி அடுப்புல வத்தக்குழம்பு.