காசிக்கு இரண்டு தடவை போன மாப்பிள்ளை

சொந்தத் தம்பியின் முழங்காலுக்குப் போய்க்கொண்டிருந்த மின்சாரத்தைப் பிடுங்கி என் செல்போனுக்குக் கொடுத்தவன் நான். கேட்டபோது பொய்யும் சொன்னேன். முப்பது வருடம் கணிதப் பேராசிரியராக ஊரார் தப்பையெல்லாம் சிவப்பு மையில் சுழித்தவன் செய்த காரியம் இது.

தம்பி ரங்கனுக்கு ஒரு விபத்தில் இடது கால் தொடையோடு போனது. பதினோரு வருடம் பழைய செயற்கைக் காலில் நடந்தான். அது எப்போது மடங்கும் என்று அதற்கே தெரியாது. அதனால் தரையைப் பார்த்தபடியேதான் நடப்பான்; எதிரே வருபவர்களைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் காண்பான். பிறகு புதிய முழங்கால் வந்தது. உள்ளே குட்டிக் கம்ப்யூட்டர். மேடு, பள்ளம், படி எல்லாவற்றையும் அதுவே கவனித்துக்கொள்ளும். ரங்கன் தலை நிமிர்ந்தான். என்னைப் பார்த்து, "அண்ணா, நோக்கு இவ்வளவு நரைச்சுடுத்தா?" என்றான். (விஞ்ஞான வளர்ச்சியால் எனக்குக் கிடைத்த முதல் பலன்.)

ஒரே தொல்லை, அதற்குத் தினமும் சார்ஜ் போட வேண்டும்.

அவன் மகள் கோதையின் கல்யாணம் ஸ்ரீரங்கத்தில் நடந்தது. காசி யாத்திரைச் சடங்கில், குடையும் கைத்தடியுமாகச் சந்நியாசம் கிளம்பும் மாப்பிள்ளையைப் பெண்ணின் அப்பா பின்னாலேயே போய் அழைத்து வர வேண்டும். "யார் தோளையும் பிடிக்காம, நிமிர்ந்து நடந்து போய்க் கூட்டிண்டு வரப்போறேன்" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று காலை ரங்கன் குளிக்கப் போயிருந்தான். கால் மட்டும் மண்டப அறை மூலையில் சார்ஜில் நின்றது. அறைக்கு ஒரே பிளக். மேடையில் வாசிக்க நான் எழுதிய நாற்பது வரி வாழ்த்துப்பா என் போனில் இருந்தது; போனோ அணையும் தறுவாயில். ஐந்து நிமிடம்தானே என்று பிடுங்கினேன். அப்புறம் ஒரு எதுகை உதைத்தது. திருத்த உட்கார்ந்துவிட்டேன்.

ரங்கன் வந்தான். "சார்ஜ் ஏறிடுத்தா அண்ணா?"

"ஃபுல்லுடா."

மாப்பிள்ளை கிளம்பினார். "மாமனார் வந்து கையைப் பிடிக்கற வரைக்கும் திரும்பிப் பாக்கப்படாது" என்று அவருக்குச் சொல்லி வைத்திருந்த அறிவாளியும் நானே. அவருக்கு முன்னால் நாகஸ்வரம், பின்னால் ரங்கன், தேங்காயோடு நான். பத்தடி போனதும், "அண்ணா, கால் நடுங்கறது" என்றான். சார்ஜ் தீரப்போகிறது என்று கால் கொடுத்த எச்சரிக்கை அது.

"சந்தோஷத்துலடா. நட."

அடுத்த அடியில் முழங்கால் விறைத்து நின்றது. (சார்ஜ் தீர்ந்தாலும் ஆள் விழாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. என்னைவிடப் பொறுப்பான கருவி.)

"மாப்ளே! நில்லுங்கோ!"

நாகஸ்வரத்தில் அது எங்கே கேட்கும்? மாப்பிள்ளை சொல் தவறாதவர், தெருமுனையும் திரும்பிவிட்டார். எழுபது வயதில் பஞ்சகச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் கண்டக்டர் அவரிடம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "காசிக்கெல்லாம் போகாதுங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான். ஏறுறீங்களா?"

அவரை இழுத்துக்கொண்டு திரும்பினால், நடுத்தெருவில், கல்யாணம் செய்துவைக்க வந்த வாத்தியார் தோளைப் பிடித்தபடி ரங்கன். பழையபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன்.

ரங்கன் கேட்டான்: "பாட்டு எத்தனை வரி?"

"நாப்பது."

"ஒரு வரிகூட வாசிக்கப்படாது."

வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முகூர்த்தத்துக்கு முக்கால் மணி இருக்கு. மாப்பிள்ளை இன்னொரு தடவை காசிக்குப் போகட்டுமே!"

அரை மணி நேரம் தம்பியின் காலை மடியில் கிடத்தி, பிளக்கைக் கையால் மூடி, தரையில் காவல் இருந்தேன். கேமராவுக்குச் சார்ஜ் கேட்டு வந்த போட்டோகிராபரைக் கடிக்காத குறை.

இரண்டாம் தடவை மாப்பிள்ளை அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ரங்கன் ஒருமுறைகூடக் கீழே பார்க்கவில்லை. யாரையும் தொடவில்லை. நேரே போய் அவர் கையைப் பிடித்தான்.

போன மாதம் சொந்தத்தில் இன்னொரு கல்யாணம். அதே வாத்தியார் மைக்கில் கேட்டார்: "காசி யாத்திரை ஆரம்பிக்கலாமா? கோதையோட பெரியப்பா போன் எங்கே?"

எழுந்து நின்று உயர்த்திக் காட்டினேன். அணைத்து வைத்திருந்தேன்.