சனிக்கிழமை நாலு மணிக்கு உன் வீடு

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கும், தோளுக்கு மேலாக எட்டிப் படித்துக்கொண்டிருக்கும் அத்தானுக்கும், தம்பி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அங்கும் அப்படியே என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். வரும் சனிக்கிழமை நாலு மணிக்கு உன் வீடு எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும்.

கோபப்படாதே. உங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னவளை ஆறாம் வகுப்பில் சேர்க்க மனுப் போட்டேன். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத்தான் இடம் என்றார்கள், நானும் உன் விலாசத்தை எழுதிவிட்டேன். ஒரு வாரம் உன் வீட்டை அவளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தேன். ஜன்னல் எத்தனை, செருப்பை எங்கே விடுவது என்பது வரை கடகடவென்று ஒப்பித்தாள். நேர்காணல் அன்று கோட்டை விட்டது நான்தான். தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "வீடு எத்தனாவது மாடி?" என்று கேட்டார். லிஃப்ட் மெக்கானிக் புத்தி எங்கே போகும், "மூணாவது மாடி மேடம், கதவு சரியா மூடல, நாளைக்கு ஆள் வந்து பார்ப்பாங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சனிக்கிழமை நாலு மணிக்கு நானே வந்து பாக்கறேன்" என்றார். ஆகவே அன்று நாங்கள் அங்கே குடியிருப்போம். நீங்கள் இருவரும் விருந்தாளிகள் மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தால் போதும். அத்தான் பனியனோடு உட்கார வேண்டாம், விருந்தாளி அப்படி உட்கார மாட்டார்.

எழுதும்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் வயிறு எரிகிறது அக்கா. நீயும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். நீ கல்யாணமாகிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனாய், நான் இங்கேயே நின்றுவிட்டேன். உன் பையனைவிட என் பெரியவன் கணக்கில் கெட்டிக்காரன் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இங்கே இரண்டு வருஷம் கணக்கு வாத்தியாரே வரவில்லை. அதுகூடப் போகட்டும். உன் பையன் இன்ஜினியர் ஆகப்போகிறேன் என்றபோது உங்கள் தெருவில் "எந்தக் காலேஜ்?" என்று கேட்டார்கள். என் பையன் சொன்னபோது எங்கள் தெருவில் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பத்தாவதோடு நின்றுவிட்டான், இப்போது மூட்டை இறக்குகிறான். சின்னவளைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்துவிடக் கூடாது, அதற்குத்தான் இந்தப் பொய்.

அத்தானுக்கு என் வணக்கத்தையும் மருமகனுக்கு என் ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
ஒரு மணி நேரம் உன் வீட்டுக்குச் சொந்தக்காரனாகப் போகும் தம்பி.

பின்குறிப்பு: உன் வீடு வேண்டாம். உறைமேல் விலாசம் எழுதச் சொல்லிக் கடிதத்தைச் சின்னவளிடம் கொடுத்தேன், அவள் முழுவதையும் படித்துவிட்டாள். நேர்காணல் அன்றைக்கே, நான் பைக்கை எடுக்க வெளியே போன நேரத்தில், தலைமையாசிரியையிடம் எங்கள் வீட்டு விலாசத்தைச் சொல்லிவிட்டாளாம். இடம் கிடைக்குமோ கிடைக்காதோ, அவர் வரப்போவது இங்கேதான். "ஏன்டி இப்படிப் பண்ணின?" என்றேன். "அத்தை வீடுதான் எங்க வீடுன்னு சொல்லிட்டா, அப்புறம் எந்த ஃப்ரெண்டையும் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வர முடியாதேப்பா" என்றாள். சனிக்கிழமை நீயும் அத்தானும் இங்கே வந்துவிடுங்கள், வரும்போது இரண்டு நாற்காலி கொண்டுவாருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.