ஒலக்கூர் இடச்சக்கர முற்றுகை

வாழ்க தேவநாதன். ஒலக்கூர் ஏரிக்குக் கீழே பதினோரு ஏக்கர் செம்மண்ணை ஆள்பவனும், அவ்வட்டாரத்தில் முதன்முதலாக உழவு மாட்டை விற்று உழவு இயந்திரம் வாங்கிய அஞ்சா நெஞ்சனும், முப்பத்தைந்து குதிரைகளின் வலிமையை ஒற்றை இரும்பிருக்கையில் அமர்ந்து அடக்கியாள்பவனும், அந்தக் குதிரைகளுக்குத் தீனி எங்கே வைப்பது என்று கேட்ட மாமியாருக்கு இரண்டு ஆண்டுகளாக விடை சொல்லாமல் காலம் கடத்தி வருபவனுமாகிய தேவநாதன் வாழ்க. அவனுடைய தேரும் வாழ்க. மதுராந்தகத்தில் இரண்டு எசமானர்களுக்கு உழைத்துச் சிவப்பு நிறம் வெளிறி, மூன்றாம் எசமானனாக அவனை அடைந்து, புகைபோக்கியால் விண்ணையும் பின்சக்கரங்களால் மண்ணையும் ஒருங்கே அதிரச் செய்த அந்த டிராக்டரின் இடப்பக்கத்துப் பெருஞ்சக்கரத்தைக் குறித்தே இக்காவியம் எழுகின்றது. வலப்பக்கத்துச் சக்கரம் இதில் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் ஆண்டு, ஆடி மாதம். இருபத்து மூன்று நாள் வஞ்சித்த மேகம் ஒரு திங்கட்கிழமை இரவு மனமிரங்கி நல்ல உழவு மழை பெய்தது. புதன்கிழமை விடியலில் தேவநாதனின் இல்லத்தரசி வெள்ளையம்மாள் வயலில் இறங்கி, ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் இறுக்கினாள். மண் கொழுக்கட்டையாகப் பிடிபட்டது. அப்படிப் பிடிபடும் வரையில் மல்லாட்டை என்னும் நிலக்கடலையை விதைக்கலாம். உதிர்ந்துவிட்டால் அடுத்த மழைதான். இன்று சாயங்காலம் வரை தாங்கும் என்று அவள் தீர்ப்புரைத்தாள். வீட்டிலோ, எட்டு நாளாக அவளும் விதைப்பு வேலைக்கு வரும் முனியம்மாளும் மற்றப் பெண்டிரும் கட்டைவிரல் நகம் தேயத் தேய ஓடு உடைத்தெடுத்த விதைப்பருப்பு மூட்டை மூட்டையாக நின்றது. ஓட்டை விட்டு வெளியே வந்த பருப்பு அடுத்த மழைவரை காத்திராது, புழுத்துப்போகும். ஆகவே மல்லாட்டைக்கு ஒதுக்கிய நான்கு ஏக்கர் நிலமும் அந்த ஆண்டின் விளைச்சலும் அந்த ஒரே பகலைப் பிடித்துத் தொங்கின.

கதிரவன் ஒரு பனை உயரம் ஏறிய வேளையில், கலப்பை பூண்ட தேர் வயலின் வாயிலில் நுழைந்தது. அங்கே, எந்த வீரனும் வாள் உருவ நினையாத அற்பப் பகைவனாகிய ஒரு கருவேல முள், சுண்டுவிரல் நீளமே உடையதாய், மழையில் ஊறி மண்ணில் நிமிர்ந்து நின்றிருந்தது. அக்காலத்தில் டிராக்டரின் பின்சக்கரங்கள் ஈரத்தில் வழுக்காதிருக்க, எடைக்காக டியூபில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். ஆதலால் முள் தைத்த கணத்தில், மார்பில் வேலேற்ற யானையின் குருதி போல, ஈராண்டு அடைபட்டுக் கிடந்த நாற்ற நீர் பீறிட்டுப் பாய்ந்தது. விதைக்கூடை ஏந்தி வரப்பில் அணிவகுத்து நின்ற பெண்டிர் பதினால்வரில் மற்றவர் சேலையைத் தூக்கிக்கொண்டு விலக, முனியம்மாள் மட்டும், வண்டி ஒன்றுக்குப் போகிறது என்று நிதானமாக அறிவித்தாள்.

தேவநாதன் கலங்கவில்லை. நண்பர்களுக்கு ஆள் அனுப்பினான்.

முதலில் வந்தான் சவுரிராயன். திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு மல்லாட்டை ஏற்றிச் செல்லும் லாரியில் ஐந்தாண்டு கிளீனர். அம்மை போட்ட ஓட்டுநர் எழும்வரை விடுப்பில் ஊரில் இருந்தவன். ஜாக்கியையும் ஒரு பழைய லாரி டியூபையும் தோளில் சுமந்து, வீல் ஸ்பானரைச் செங்கோலெனக் கையில் தாங்கி, உலகத்து நெடுஞ்சாலைகள் யாவும் தன் முதுகில் எழுதப்பட்டவைபோல் அவன் நடந்து வந்த காட்சி, முற்றுகையிடப்பட்ட நகரத்துக்குப் பீரங்கியோடு வந்து சேரும் தளபதியின் வரவை ஒத்திருந்தது. அவனுக்குப் பின், திண்டிவனம் ரயில் நிலையத்துக்கு எதிரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் விருத்தாசலம், காற்றடிக்கும் பம்பைச் சட்டத்தில் கட்டிக்கொண்டு, ஆறு மைலையும் ஒரே மூச்சில் மிதித்து வந்து விழுந்தான். மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே கணக்கில் தோற்றவர்கள். ஒருவன் வீட்டுக் கூரை பிரிந்தால் மற்ற இருவர் கீற்றோடு நிற்பது அவர்களுக்குள் பேசப்படாத சட்டம்.

சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதைக் காவல் காத்து, வட்டமாக, துருவேறிய கவசம் அணிந்து நின்றன எட்டு நட்டுகள். விருத்தாசலம் ஸ்பானரை வாங்கி இடப்பக்கமாகத் திருப்ப முனைந்தான். சவுரிராயன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நில்லு. லெப்டு சைடு நட்டுன்னா தலைகீழாத்தான் சுத்தணும். அஞ்சு வருசமா லாரிக்கு அடியில படுத்துக்கினு கத்துக்கினது இது. ஒன் சைக்கிள் கட புத்திய இங்க காட்டாத.”

அவன் சொன்னது பொய்யன்று. சக்கரம் ஓடுகிற வேகத்தில் தானே தளர்ந்துவிடாதிருக்க, அவனுடைய லாரியில் இடப்பக்கத்து நட்டுகளுக்கு மட்டும் திருகு எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருந்தது. ஐந்தாண்டு அனுபவத்தின் முன் சைக்கிள் கடை தலை வணங்கியது. தேவநாதனும் வணங்கினான். முற்றுகை தொடங்கிற்று.

முதல் நட்டின்மேல் ஸ்பானர் பொருந்தியது. சவுரிராயன் வலப்பக்கமாக அழுத்தினான். நட்டு அசையவில்லை. தேவநாதன் சேர்ந்து அழுத்தினான். நட்டு அசையவில்லை. சீமையெண்ணெய் வார்த்தார்கள், சம்மட்டியால் தட்டி மருட்டினார்கள், எட்டு நட்டுகளிடமும் முறையே சென்று நயமாகவும் கடுமையாகவும் வேண்டிப் பார்த்துவிட்டு, முதல்வனை வீழ்த்தினால் மற்றவர் சரணடைவர் என்ற போர்நூல் முடிவோடு அவனிடமே திரும்பினார்கள். கிணற்றடியிலிருந்து நாலடி இரும்புப் பைப்பு வந்தது. அதை ஸ்பானரின் பிடியில் செருகி நீட்டி, அதன் நுனியில் இருவர் தொங்க, ஒருவன் ஏறி நிற்க, புயலில் பாய்மரத்தைப் பற்றிக்கொண்ட மாலுமிகளைப் போல மூவரும் காற்றில் ஆடினர். விருத்தாசலத்தின் சட்டை முதுகில் இரண்டாகக் கிழிந்தது. சவுரிராயன் வேளாங்கண்ணி மாதாவையும் தேவநாதன் மயிலம் முருகனையும் அழைத்தார்கள். நட்டோ, அழைக்க அழைக்கத் தன் போல்ட்டை இன்னும் ஆர்வமாகத் தழுவிக்கொண்டது.

பத்து மணிக்கு வெள்ளையம்மாள் மண்ணைப் பிடித்துப் பார்த்தாள். கொழுக்கட்டை நின்றது. பதினொரு மணிக்குப் பிடித்தாள். நின்றது, ஆனால் ஓரத்தில் வெடிப்பு விட்டது. அவள் அதைக் கணவனின் கண்ணெதிரே வரப்பில் வைத்துவிட்டுப் போனாள். ஆயிரம் முரசுகளும் அந்த மண்ணுருண்டையைப் போல ஒரு வீரனை உசுப்பியதில்லை. தேவநாதன் எழுந்தான். “மூணு பேரும் ஒண்ணா குதிக்கணும். இன்னிக்கி இந்த நட்டா நானான்னு பாத்துர்றேன்” என்று சூளுரைத்தான். மூவரும் வரப்பின் மேலேறி, கைகோத்து, பைப்பின்மேல் ஒருங்கே பாய்ந்தனர்.

டணார் என்றொரு ஓசை எழுந்தது. மரத்துக் காக்கைகள் எழுந்தன. மூவரும் ஒருவர்மேல் ஒருவராகச் சேற்றில் விழுந்தனர், நட்டு வானில் வளைந்து பறந்தது. வீழ்ந்தவர்கள் வீழ்ந்தபடியே தழுவிக்கொண்டார்கள். விருத்தாசலம் சவுரிராயனின் நெற்றியில் முத்தமிட்டு, லாரிக்காரனுக்கு மேல் உலகில் அறிவாளி இல்லை என்று ஊரறியப் பறைசாற்றினான். பதினான்கு பெண்களும் குலவையிட்டனர்.

பறந்த நட்டு வெள்ளையம்மாளின் காலடியில் போய் உருண்டு நின்றது. அவள் குனிந்து எடுத்தாள், முந்தானையால் சேற்றைத் துடைத்தாள், உள்ளே உற்றுப் பார்த்தாள்.

“ஏங்க, நட்டு கழண்டா நட்டு மட்டுந்தானே வரும்? இதுக்குள்ள போல்ட்டு துண்டு ஒண்ணு சிக்கிக்கினு இருக்குதே. நீங்க அவுத்துக்கினு இருந்தீங்களா, இறுக்கிக்கினு இருந்தீங்களா?”

குலவை நின்றது. லாரிக்கு உரிய சட்டம் டிராக்டருக்கு உரியதன்று என்பதும், காலை முதல் மூன்று மாவீரர்கள் கழற்ற வேண்டியதைத் தங்கள் முழு வலிமையோடு இறுக்கி வந்தார்கள் என்பதும், அவ்வளவு அன்பைத் தாங்கமாட்டாமல் போல்ட் இரண்டாக முறிந்தது என்பதும், மூவர் முகத்திலும் ஒன்றன்பின் ஒன்றாக உதித்தன. விருத்தாசலம் முத்தமிட்ட வாயைத் துடைத்துக்கொண்டான். சவுரிராயன் ஸ்பானரைத் தரையில் வைத்தான். ஐந்து வருடத்தையும் அங்கேயே இறக்கி வைத்தவன்போல் தோள் தளர்ந்து, ஜாக்கியை எடுக்கக் குனிந்தபடி வீட்டுக்குத் திரும்பும் வழியைப் பார்த்தான்.

தேவநாதன் அந்த ஜாக்கியின்மேல் காலை வைத்தான்.

“எங்க கெளம்பிட்ட? லாரியில அப்டித்தானே இருக்குது. நீ வரலன்னா இந்த ஜாக்கிக்கு நான் சென்னைக்கில்ல போவணும். ஒண்ணு ஒடஞ்சா இன்னா, இன்னும் ஏழு இருக்குது. பைப்ப அந்தப் பக்கம் போடுரா.”

சவுரிராயன் ஸ்பானரை மறுபடி எடுத்தான். பிறகு பைப்பை அந்தப் பக்கம் போட்டான். காலையில் அவர்களே ஆசையாக இறுக்கி வைத்த ஏழு நட்டுகளும், பழைய கோட்டைக் கதவுகளின் கீல்கள் அலறுவது போல அலறி, ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. பலகைமேல் ஜாக்கி நின்றது, தேர் ஒரு பக்கம் எழுந்தது, நட்டுகள் நீங்கின, சக்கரம் மண்ணில் சாய்ந்தது. மிச்ச நீரை வெளியேற்ற வால்வின் ஊசியைக் கழற்றிய சவுரிராயன், இத்தனை நேரம் பொறுமையாக இருந்த தண்ணீரைத் தலைமுதல் இடைவரை வாங்கிக்கொண்டான்.

“கோயில்ல ஒருவாட்டி ஊத்துனது பத்தலன்னு இங்க ரெண்டாவது ஞானஸ்நானமா?” என்றான் விருத்தாசலம். சவுரிராயன் அன்று முதன்முறையாகச் சிரித்தான்.

அதன்பின் விருத்தாசலத்தின் ஆட்சி. இரண்டு கடப்பாரைகளால் டயரின் விளிம்பை நெம்பி, யானைக் குட்டியைத் தாயின் வயிற்றிலிருந்து இழுப்பது போல டியூபை இழுத்தெடுத்து, முள்ளைப் பிடுங்கி, காயத்தைச் சுற்றிச் சுரண்டிச் சொலூஷன் தடவி, சைக்கிளுக்கு ஒட்டும் துண்டு இந்தப் பூதத்துக்குப் பொட்டளவே வரும் என்று கண்டு, சவுரிராயன் கொண்டுவந்த பழைய லாரி டியூபிலிருந்து உள்ளங்கையளவு வெட்டி ஒட்டி, அதன்மேல் தானே ஏறி உட்கார்ந்து காயவைத்தான். மறுபடி தண்ணீர் நிரப்ப நேரமில்லை. வெறுங்காற்றே போதும் என்று முடிவாயிற்று. உலகத்தில் அவர்களிடம் இருந்த ஒரே காற்று அந்தச் சைக்கிள் பம்பில் இருந்தது.

ஐம்பது அடிக்கு ஒருவராக மாறினார்கள். எண்ணும் பொறுப்பை முனியம்மாள் ஏற்றாள். முந்நூறில் டயர் மூச்சுவிட்டது; எழுநூறில் புரண்டு படுத்தது; தொள்ளாயிரத்தைக் கடந்தபோது மூவர் கைகளும் அவரவர்க்கு உரியவையாக இல்லை.

“எண்ணிக்க தப்பிப்போச்சு” என்றாள் முனியம்மாள். “மொதல்லேருந்து எண்ணட்டுமா?”

மூவரும் ஏறிட்டுப் பார்த்த பார்வையைக் கண்டு, அவள் கூடையை இறக்கி வைத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே பம்பின்மேல் ஏறினாள். அவளுக்குப் பின் மற்றப் பெண்களும் வந்தார்கள். நாற்றமும் வியர்வையும் ஏச்சும் கலந்து ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு அடியில் டயர் கல்லாயிற்று. சக்கரம் ஏழு நட்டுகளோடு தன் சிம்மாசனம் ஏறிற்று. மணி மூன்று.

அப்போது, ஒரு காலில் நீரும் மறுகாலில் காற்றுமாய், மது அருந்திய யானை போல ஒரு பக்கம் தோள் உயர்த்திய அத்தேர், மேற்றிசை நோக்கிச் சரியத் தொடங்கிய கதிரவனைத் துரத்திக்கொண்டு நான்கு ஏக்கர் களத்துள் பாய, முன்னே தேவநாதன் முழங்க, கிழிபட்ட சால்களில் பதினான்கு பெண்டிரும் குனிந்து விதைமாரி பொழிய, வயலின் தலைமாட்டில் சவுரிராயனும் கால்மாட்டில் விருத்தாசலமும் சக்கரத்தின்மேல் வைத்த கண் வாங்காமல் காவல் நிற்க, செவ்வானம் குருதிக்களமாய் விரிந்து மேற்கே அணையும் தறுவாயில், கடைசிச் சாலின் கடைசி முழத்தில் வெள்ளையம்மாள் அள்ளி இறுக்கிய பிடிமண், விரல்களின் வடு தெரிய, உதிராமல் நின்றது.

விரல் மடங்கவில்லை என்று நண்பர்கள் மூவரும் அன்றைய சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார்கள்.